சாவிக்கொத்து யார் கைக்குப் போகிறது?

வணக்கம் நேயர்களே.

ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கால்பந்துப் பயிற்சி கொடுத்த ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். சால்வை போர்த்துகிறார்கள், மாலை போடுகிறார்கள், பழைய மாணவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பேசுகிறார்கள். சாயங்காலம் அவர் சாமான் அறைச் சாவிக்கொத்தை அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த பருவத்தில் அந்தச் சாவியை எடுக்க ஆள் வருவதில்லை. இரண்டு ஆண்டில் அணி கலைந்துபோகிறது. டர்பன் நகரத்தில் நம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. அவர் சேர்த்து வைத்ததை எப்படிக் கைமாற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், அந்த மனிதர் எப்படிப்பட்ட காலத்தில் வேலை செய்தார் என்பது தெரிய வேண்டும். நம்மவர்களுக்குச் சாக்கர் நேற்று வந்த ஆட்டமல்ல. தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கம் 1903இல் தொடங்கியது. சாம் சைனா கோப்பைக்காக மாகாணம் மாகாணமாக மோதினார்கள். டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் நம் தாத்தாக்களுக்குக் கோயில் மாதிரி. பிறகு 1950இன் இனவாரிக் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் நம் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கே எழுந்த பள்ளிகளில் பாடம் முடிந்தபின், கூடுதல் சம்பளம் இல்லாமல், ஆசிரியர்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள். 1973இல் நிறவெறிக்கு எதிரான விளையாட்டு மன்றம் உருவானது. இயல்பில்லாத சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்பது அதன் முழக்கம். 1976இல் ஃபிஃபா இந்த நாட்டை வெளியேற்றியது. 1992 ஜூலை 7ஆம் தேதி டர்பன் கிங்ஸ் பார்க்கில் கேமரூனை 1-0 என்று வென்றபோதுதான் நாட்டுக்கு மீண்டும் ஓர் அணி கிடைத்தது. எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் கைபிடித்து வளர்த்த நல்ல நல்ல ஆட்டக்காரர்கள், நாட்டுச் சட்டை போடும் வாய்ப்பே இல்லாமல் வயதாகிப் போனார்கள். அது தெரிந்தும் வாரம் இரண்டு நாள் விசிலோடு நின்றார் அவர். தொண்ணூறுகளின் நடுவில் ஆசிரியர் பணியிடங்களை மறுசீரமைத்தபோது, அனுபவமுள்ள பலர் தொகை பெற்றுக்கொண்டு விலகினார்கள். பயிற்சியாளர்களும் அவர்களோடு போனார்கள். கைமாற்றிக் கொடுக்க நேரமே இருக்கவில்லை. அந்த இழப்பு இன்னும் நிரம்பவில்லை என்பது என் எண்ணம்.

அவரிடம் இருந்தது என்ன? முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு மாணவனுக்கு ஒரு பக்கம். பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழின் நகலைப் பார்த்து எழுத வேண்டும். பையன் சொன்னதை எழுதக் கூடாது. 15 வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரே ஒருவனுக்கு வயது கூடிப்போனால் வென்ற ஆட்டமெல்லாம் பறிபோகும். எந்தத் தேதிவரை கணக்கு என்பதைப் போட்டி நடத்துபவரிடம் பருவம் தொடங்கும் முன் எழுத்தில் வாங்கி அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட வேண்டும். அடுத்து ஆஸ்துமா உண்டா, இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது, ஆட்டம் முடிந்து இருட்டினால் யார் வந்து கூட்டிப் போவார்கள், அந்த ஆள் வராவிட்டால் இரண்டாவது எண் எது. பிறகு உயரம். பலர் விட்டுவிடும் வரி இதுதான். பருவத்துக்கு ஒரு முறை, ஷூ இல்லாமல், சுவரோடு நிற்கவைத்து அளந்து எழுத வேண்டும்.

ஏன் உயரம்? பையன்கள் 13, 14 வயதில் திடீரென்று வளர்வார்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் எலும்பு முந்திக்கொண்டு போகிறது, தசைநார் பின்தங்கி இழுபடுகிறது என்று பொருள். முட்டிச்சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உச்சியில் ஒரு புடைப்பு வலிக்கும். குதிகால் பின்பக்கம் வலித்தால் அதுவும் இதே கதைதான். "சோம்பேறி, ஓடு" என்று விரட்டினால் வலி மாதக்கணக்கில் நீளும். அப்படிப்பட்டவனைக் குதிப்பதிலிருந்தும் வேக ஓட்டத்திலிருந்தும் சில வாரம் விலக்கி, பந்தைக் கடத்தும் பயிற்சியில் வைத்திருந்தால் போதும். வளர்ந்து முடிந்ததும் வலி பெரும்பாலும் தானே அடங்கும். நோட்டில் அளவு இருந்தால் புதிதாக வரும் ஆசிரியருக்கும் இது ஒரே பார்வையில் தெரியும்.

பண்டிகையையும் அதே பக்கத்தில் குறிக்க வேண்டும். அணித் தேர்வு நடக்கும் முதல் பருவத்தில்தான் தைப்பூசக் காவடி வரும். விரதம் இருந்த பையனை மறுநாளே நீண்ட ஓட்டம் விடக் கூடாது. அலகு குத்தியிருந்தால் புண் ஆறும்வரை மோதல் ஆட்டம் வேண்டாம். தீமிதித்தவன் பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டச் சொல்ல வேண்டும். புரட்டாசி மாதம் வீட்டில் கறி இல்லை என்றால் பருப்பும் பீன்ஸும் பாலும் வேர்க்கடலையும் போதும். ஆனால் பகல் சாப்பாட்டைத் தாண்டி வெறும் வயிற்றோடு பயிற்சிக்கு வருகிறானா என்று கேட்டுவிட வேண்டும். ரம்ஜானில் நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியைச் சுருக்கி, உத்திப் பேச்சுக்கு நேரம் ஒதுக்கலாம்.

இனி மைதானம். சாமான் அறைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் மறைந்துபோகும் அறிவு. கோடு போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலை நேராக இல்லாவிட்டால் முழு மைதானமும் கோணல். முனையில் ஒரு முளை அடித்து, கோல் கோட்டில் 9 மீட்டர், பக்கக் கோட்டில் 12 மீட்டர் அளந்தால் குறுக்கே சரியாக 15 மீட்டர் வர வேண்டும். 3, 4, 5 என்று சின்னதாகவும் அளக்கலாம், ஆனால் 4 மீட்டரில் 2 சென்டிமீட்டர் பிசகினால் 100 மீட்டர் தள்ளி அரை மீட்டர் பிசகும். அதனால்தான் பெரிய முக்கோணம். கோடு 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்புத் தூள் கூடவே கூடாது, ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் பொசுக்கும். தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பெயிண்ட் போதும்.

நகர்த்தக்கூடிய கோல் கம்பத்தைத் தரையோடு கட்டாமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. பையன்கள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், கம்பம் முன்பக்கம் சாயும், உயிரே போய்விடும். பின்பக்கச் சட்டத்தை இரும்பு முளையால் அடித்து இறுக்கவேண்டும், அல்லது மணல் மூட்டையால் அழுத்த வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் பெரியவர் ஒருவர் அதைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பந்து விஷயம் சின்னதுதான். காற்றடிக்கும் ஊசியைத் துளி எண்ணெயோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்காமல் குத்தினால் வால்வு கிழியும். எட்டுப் பந்துகளில் நாலு பந்து பருவத்தின் நடுவில் உதவாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பயிற்சி நேரத்தை எப்படிச் செலவழிப்பது? 32 பேர், அரை மைதானம், எட்டுப் பந்து, ஒரே ஆசிரியர். பழக்கமில்லாதவர் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கோலை நோக்கி உதைக்கச் சொல்வார். ஒவ்வொருவனும் ஏறத்தாழ முழு நேரமும் சும்மா நிற்பான். அரை மைதானம் 50க்கு 64 மீட்டர் என்றால் அதை நாலாகப் பிரியுங்கள், 25க்கு 32 மீட்டர் கட்டம் நாலு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நாலுக்கு நாலு. ஒரு கட்டத்துக்கு ஒரு பந்து ஆட்டத்தில், ஒன்று வெளியே தயாராக. நாலு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு எதிரணி மாற்றம். நாலு சுற்று முடிந்தால் 24 நிமிடம்தான், ஆனால் 32 பேரும் வியர்த்திருப்பார்கள், பந்தைத் தொட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் ஃபிஃபா 11+ என்ற சூடேற்றும் பயிற்சி: 8 நிமிடம் மெல்லோட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, தாவல், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் இரண்டு முறை விடாமல் செய்தால் முட்டியும் கணுக்காலும் பிழைக்கும். அவசரத்தில் நடுவிலுள்ள அந்த 10 நிமிடத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். பலன் கிடைப்பதோ அங்கேதான்.

தலையில் அடிபட்டவன் அன்று திரும்ப மைதானத்துக்குள் வரக் கூடாது. "நல்லா இருக்கேன் சார்" என்று அவன் சொன்னாலும் கூடாது, இறுதிப் போட்டியானாலும் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் நேரே மருத்துவமனை. மருத்துவர் எழுத்தில் சொன்ன பிறகே மீண்டும் பயிற்சி. அந்தத் தேதியும் நோட்டில் ஏற வேண்டும், ஏனென்றால் இரண்டாவது அடி முதல் அடியைவிட ஆபத்தானது.

இப்போது கைமாற்றுதல். கடைசி மாதத்தில் செய்தால் பயனில்லை, இரண்டு முழு ஆண்டு வேண்டும். எட்டாம் வகுப்பில் வந்த பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஐந்து ஆண்டில் வெளியே போய்விடுவான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு ஆண்டு சும்மா போனால் ஐந்து வகுப்பில் மூன்று வகுப்புப் பிள்ளைகள்தான் பழைய முறையைப் பார்த்தவர்களாக மிஞ்சுவார்கள்.

ஒருவருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது, அவர் மாற்றலாகிப் போனால் கதை முடிந்தது. இரண்டு பேர். ஒருவர் பள்ளியில் பாடம் எடுப்பவராக இருக்க வேண்டும், பரீட்சை அட்டவணையும் பேருந்து ஏற்பாடும் அவர் கையில்தான் நடக்கும். இன்னொருவர் பழைய மாணவராக இருக்கலாம். வெளியிலிருந்து வருபவர் என்றால், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறித்து வைக்கும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று முதல் நாளே கோப்பில் இருக்க வேண்டும். ஒரே ஒரு பெரியவர் பிள்ளைகளைத் தனியாக வண்டியில் ஏற்றிச் செல்வதும் கூடாது. தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கம் தொடக்கநிலைப் பயிற்சியாளர்களுக்கு நடத்தும் டி உரிமப் பயிற்சிக்கு இருவரையும் அனுப்புவது நல்லது. நம் பள்ளிகளில் இன்று ஜூலு பேசும் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். உதவியாளர்களில் ஒருவருக்காவது ஜூலு தெரிந்திருந்தால் பாதி வேலை தானே முடிந்துவிடும்.

முதல் ஆண்டு புதியவர்கள் பக்கத்தில் நிற்பார்கள், பழையவர் நடத்துவார். இரண்டாம் ஆண்டு அவர்கள் நடத்துவார்கள். இங்கேதான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. பழையவர் கோட்டோரம் நின்று ஒரு வார்த்தை கத்திவிடுவார். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். அந்த நிமிடத்தில் புதியவரின் சொல் செல்லாக்காசு ஆகிவிடும். எனவே அவர் எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அவர்கள் இருவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு கத்திய தொண்டைக்கு இது கடினம்தான். ஆனாலும் அவர் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

சாமான் அறைச் சாவிக்கு இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே இரண்டு நகல் வெட்டி இருவரிடமும் கொடுத்துவிடுங்கள். அணிப் பணம் வங்கியில் இருந்தால் கையெழுத்து இரண்டு பேருடையதாகட்டும். பழையவரிடம் உள்ள அசல் சாவி, புதியவர்கள் பிள்ளைகளைத் தாங்களே வெளியூருக்கு அழைத்துச் சென்று, முதல் ஆட்டம் ஆடி, எல்லோரையும் பத்திரமாக வீட்டில் சேர்த்த மறுநாள் அலுவலகத்துக்கு வரட்டும். அதுவரை அவரிடமே இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.