மொட்டில் இல்லாத மணம்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பறித்த குண்டுமல்லி மொட்டு ஒன்றை விரலால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். கீரைத்தண்டைக் கிள்ளினாற்போல ஒரு பச்சை வாடைதான் வரும். துளசி அப்படியில்லை, எந்நேரம் கசக்கினாலும் மணக்கும். அதன் இலைச் சுரப்பிகளில் எண்ணெய் முன்கூட்டியே சேர்ந்து கிடக்கிறது. மல்லிகைக்கு அந்த மாதிரிக் கையிருப்பு கிடையாது. லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்ற மணப்பொருள்கள் மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து இருக்கின்றன. பிணைந்திருக்கும்வரை அவை ஆவியாகா, மணக்கவும் மணக்கா. பொழுது சாய்ந்து இதழ் பிரியும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. மற்ற மணப்பொருள்களையும் பூ அப்போதுதான் தயாரிக்கத் தொடங்குகிறது.

பூக்கடைக்காரருக்கு இது வசதி. காலையில் கட்டிய சரம் இரவில் மணக்கும். வாசனைத் தைலம் எடுப்பவருக்கோ இதுவே தலைவலி. மொட்டு வந்ததும் கரைப்பானில், அதாவது மணத்தைக் கரைத்தெடுக்கும் திரவத்தில், போட்டால் மெழுகுதான் மிஞ்சும். அதனால் மொட்டுகளை நிழலில், காற்றோட்டமான தரையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, பெரும்பாலானவை விரியும்வரை காத்திருக்கிறார்கள். குண்டுமல்லி என்றால் வேலை தொடங்க இரவாகிவிடும். சாக்கில் திணித்து வைத்தால் பூ மூச்சுவிடும் சூட்டிலேயே வெந்து, புளித்த வாடை வந்துவிடும். மழையில் நனைந்த பூவும் ஆகாது. இதழில் ஒட்டிய நீர், கரைப்பானை உள்ளே விடாது.

அந்த மணத்தில் என்னதான் இருக்கிறது? பழம்போல இனிக்கும் பென்சைல் அசிட்டேட் ஒன்று. லினலூல் இன்னொன்று, ரசத்துக்குத் தட்டுகிற தனியாவின் மணத்திலும் அதுதான் முதன்மை. திராட்சை மிட்டாயை நினைவூட்டும் மெத்தில் ஆந்த்ரனிலேட் குண்டுமல்லியில் தூக்கலாக இருக்கும். பிச்சிப்பூவில் ஜாஸ்மோன் என்ற பொருளுக்கு முக்கிய இடம் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் மூக்குக்கு வேறு வேறாகத் தெரிவதற்கு இவை பெரிய காரணம்.

இவற்றுக்கு நடுவே இண்டோல். செறிவாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி. மலத்திலும் இது உண்டு. முகம் சுளிக்க வேண்டாம், இதை எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசனை ஆகிவிடும். முந்தின நாள் சரத்தை மறுநாள் காலை முகர்ந்தால் கனத்த, சற்றே மக்கிய வாடை தெரிகிறதல்லவா? லினலூலும் பென்சைல் அசிட்டேட்டும் விரைவில் பறந்துவிட, மெதுவாக ஆவியாகும் இண்டோல் தங்கிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

எடுக்கும் முறைக்கு வருவோம். நேரடி நீராவி மல்லிகைக்கு ஒத்துவராது. வெப்பத்தில் மணம் சிதையும், கிடைப்பதும் அற்பம். எனவே விரிந்த பூவைத் துளையிட்ட தட்டுகளில் பரப்பி, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைக்கிறார்கள். தட்டு இல்லாமல் கொட்டினால் பூ தன் எடையிலேயே அமுங்கி, நடுவில் கரைப்பான் புகாது. இரண்டு மூன்று முறை கழுவி எடுத்த ஹெக்சேனைக் காற்றழுத்தம் குறைத்து, அதிகச் சூடு படாமல் ஆவியாக்கினால் 'காங்கிரீட்' எனப்படும், மெழுகும் மணமும் கலந்த பொருள் மிஞ்சும். குண்டுமல்லியில் இது 0.14 முதல் 0.19 சதவீதம், பிச்சியில் 0.25 முதல் 0.32 சதவீதம். அதாவது 1,000 கிலோ குண்டுமல்லிக்கு 2 கிலோகூடத் தேறாது. காங்கிரீட்டை எத்தனாலில் கரைத்துக் கடுங்குளிரில் வைத்தால் மெழுகு திரிந்து பிரியும். அதை வடிகட்டி, எத்தனாலையும் நீக்கினால் 'அப்சொல்யூட்' எனப்படும் மெழுகு நீங்கிய வாசனைத் தைலம் கிடைக்கும். எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

மெழுகை அவசரமாக வடித்தால் புட்டி பின்னாளில் கலங்கும். ஹெக்சேன் முழுதாக நீங்காவிட்டால் முதல் முகர்வில் பெட்ரோல் அடிக்கும். வெளிச்சம் பட்டால் இண்டோல் நிறம் மாறி, தைலம் கருக்கும். அம்பர் நிறப் புட்டியில், கழுத்துவரை நிரப்பி, குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே சரி.

வாங்குபவர்களுக்கு ஒன்று. நீராவியில் வடித்த சுத்தமான மல்லிகை எண்ணெய் என்று மலிவு விலையில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். லினலூலுக்கு இடக்கை வலக்கைபோல இரு வடிவங்கள் உண்டு. மல்லிகைப் பூ பெரும்பாலும் ஒன்றையே உருவாக்கும், ஆலையில் செய்த சாதாரண லினலூலில் இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு சோதனையில், ஆலை லினலூலைச் சேர்த்த கலப்படம் பிடிபட்டுவிடும்.

நன்றி, வணக்கம்.