ஞாயிறு ட்யூட்டியும் பாதியில் நிற்கும் செபமாலையும்: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து வந்திருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன். “பிரதர், நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி ஞாயிறு ட்யூட்டி விழுந்துவிடும். பூசைக்குப் போக முடிவதில்லை. வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகளின் பாடம், மாமியாருக்கு மருந்து. எல்லாம் முடித்துச் செபமாலையைக் கையில் எடுத்தால் மாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாடகர் குழுவில் பாடியவள் நான், தினமும் பூசை கண்டவள். இப்போது கடவுளைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படி வாழ்வது?”

சகோதரி, நான் குருவானவர் இல்லை. பங்குக் கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற ஒரு குடும்பஸ்தன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடவுளைவிட்டு விலகுகிறவருக்கு விலகுகிறோமே என்ற பயம் வருவது அபூர்வம். உங்களுக்கு அந்த ஏக்கம் இருக்கிறது. அந்த ஏக்கத்தை ஆண்டவர் காணாமலா இருப்பார்?

சரி, ஞாயிறு பூசை. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2181-ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு திருப்பலியில் பங்கெடுப்பது கடமை என்று உறுதியாகச் சொல்கிற அதே இடத்தில், தகுந்த காரணம் இருந்தால் அந்தக் கடமை கட்டுப்படுத்தாது என்றும் சொல்லியிருக்கிறது. எடுத்துக்காட்டாக அவர்களே நோயையும் கைக்குழந்தையைப் பராமரிப்பதையும் குறிப்பிடுகிறார்கள். ஐ.சி.யூ.வில் மூச்சுக்குத் திணறுகிற ஒருவரின் பக்கத்தில் நிற்பது தகுந்த காரணம் இல்லையென்றால் வேறு எது தகுந்த காரணம்? ஓய்வுநாளில் கை சூம்பியவரை இயேசு குணப்படுத்தினாரே, அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதனால் ட்யூட்டிக்காகப் பூசையை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் பாவக் கணக்கில் எழுதி வைக்காதீர்கள். அதற்காக இதைச் சலுகையாக எடுத்துக்கொண்டு, லீவு கிடைத்த ஞாயிற்றிலும் துணிக்கடைக்குப் போகலாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலும் ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பே 1248-ஆம் எண்ணில் இதைச் சொல்கிறது. ஞாயிறு காலை ஷிப்ட் முடிந்து மாலைப் பூசைக்குப் போகவும் வழியிருக்கலாம். பக்கத்துப் பங்கில் நேரம் வேறாக இருக்கும், விசாரியுங்கள். எதுவுமே அமையாத வாரத்தில் அன்றைய நற்செய்தியை ஒரு தடவை வாசித்துவிட்டு, ஆண்டவரே, இன்று உம்மை நற்கருணையில் வாங்க முடியவில்லை, ஆவியில் வாரும் என்று சொல்லுங்கள். ஆன்மீக நற்கருணை என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்தே இதற்குப் பெயர் உண்டு.

அப்புறம் இந்தத் தூக்கம். பிரான்சின் லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாளை எல்லாருக்கும் தெரியும். 1873-ல் பிறந்து 1897-ல் இறந்தார். இருபத்து நான்கு வயது. கார்மேல் மடத்தில் இருந்தவர், செபிப்பதே வேலையாக வாழ்ந்தவர், 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கிற பெரிய ஆசிரியர், என்று அறிவிக்கப்பட்டவர். அவரே தியான நேரத்தில் தூங்கிவிடுவதாக எழுதியிருக்கிறார். அதற்காகக் கவலைப்படவில்லை என்றும் எழுதுகிறார். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரே அன்புதான், மருத்துவர்கள்கூட அறுவை சிகிச்சை செய்ய நோயாளியைத் தூங்கத்தானே வைக்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். ஆப்பரேஷன் தியேட்டரில் நின்று பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஆனாலும் நாளின் கடைசித் துளி நேரத்தை மட்டும் ஆண்டவருக்கு ஒதுக்கினால், அந்த நேரத்துக்கு உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. உடம்பும் அவர் தந்ததுதான். படுக்கையில் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் தொடங்கித் தோற்றுப் போவதைவிட, பஸ்ஸில் அதில் ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். அது போதுமா என்று கேட்பீர்கள். விழிப்போடு சொன்ன ஒரு பத்து மணி போதும். மீதியை வாய்ப்புக் கிடைக்கிற இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டின இலையும், விரலில் நூல். மாலையில் திண்ணையில் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து செபமாலை சொல்வார்கள். கையில் செபமாலை இருக்காது, கைதான் ஓயாதே! ஒரு பீடிக்கு ஓர் அருள் நிறைந்த மரியே. சுற்றின பீடியைத் தட்டின் ஓரமாக ஒதுக்குவார்கள். பத்து சேர்ந்ததும் ஒருத்தி திரித்துவப் புகழ் சொல்வாள், அடுத்தவள் அடுத்த பத்தில் தியானிக்க வேண்டிய மறைபொருளைத் தொடங்குவாள். நடுவில் ஒரு பிள்ளை அழும், பால்காரர் வருவார், சில்லறை கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். அவர்களுக்கு வேலை வேறு, செபம் வேறு என்று இருக்கவில்லை. கூலிக்கு உழைத்த நேரத்தையே செபமாக்கிக்கொண்டார்கள். நான் விசுவாசத்தைக் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

உரோமையில் 1384-ல் பிறந்த பிரான்செஸ்கா என்ற புனிதையைப் பற்றியும் ஒரு மரபுக்கதை சொல்வார்கள். கல்யாணமானவர், பிள்ளைகள் பெற்றவர், பெரிய வீட்டை நிர்வகித்தவர். ஒருநாள் அவர் செப நூலைத் திறந்து ஒரு வசனத்தைத் தொடங்கும்போதெல்லாம் வீட்டிலிருந்து கூப்பிட்டார்களாம். முகம் சுளிக்காமல் எழுந்து போய், திரும்பி வந்து, அதே வசனத்தைத் தொடங்குவார். மறுபடியும் கூப்பாடு. கடைசியில் வந்து பார்த்தால் அந்த வசனம் பொன்னெழுத்தாக மாறியிருந்ததாம். செபத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தவருக்குத்தான் பொன்னெழுத்து. உங்கள் மாமியார் மருந்துக்குக் கூப்பிடும்போது இந்தப் புனிதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையிலேயே ஓர் இடம் இருக்கிறது, சகோதரி. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுகிறீர்கள். ஒரு ஷிப்டில் எத்தனை தடவை என்று உங்களுக்குத்தான் தெரியும். உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று முறையாகத் தேய்க்கக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. பூசையில் காணிக்கை முடிந்ததும் குருவானவர் பீடத்தின் ஓரமாகப் போய்க் கை கழுவுகிறாரே, கவனித்திருக்கிறீர்களா? குற்றம் நீங்க என்னைக் கழுவும் என்ற பொருளில், 51-ஆம் திருப்பாடலிலிருந்து வருகிற வரியை அவர் அப்போது மெல்லச் சொல்கிறார். நாம் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதால் அது காதில் விழுவதில்லை. அந்த வரியையே நீங்கள் வார்டில் குழாயடியில் சொல்லுங்கள். கையைத் துடைத்துவிட்டு, அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரை மட்டும் மனதில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பதினோராம் நம்பர் பேஷன்ட் என்று சொல்லாமல், பெயரைச் சொல்லி. “நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள்” என்று மத்தேயு 25-ல் ஆண்டவர் சொல்வது வெறும் உருவகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டிலில் படுத்திருப்பது நானே என்று அவர் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் ஞாயிறு ட்யூட்டியில் நீங்கள் அவரைவிட்டுத் தூரமாகப் போகவே இல்லை.

குடும்ப செபம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்குள் அது இருக்கிறது. நம் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரவு செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் போய்த் தோத்திரம் சொல்வார்கள், பெரியவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார்கள். இது பல வீடுகளில் மறைந்து வருகிறது, எனக்கு அது மிகுந்த வருத்தம். இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கியிருந்தாலும் பரவாயில்லை, பெருவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போங்கள். தாய் தன் பிள்ளையை ஆசீர்வதிப்பது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் இல்லாத இரவுகளில் அதை மாமியார் செய்யட்டும். மருந்து வாங்கிக்கொள்கிறவராக மட்டும் அவரை வைத்திருக்காதீர்கள், செபம் நடத்துகிறவராக ஆக்குங்கள். ஒரு நற்செய்திப் பகுதி, ஒரு பத்து மணி, நெற்றியில் சிலுவை. பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் தாங்கும்.

அப்படியே இந்தச் சகோதரியின் கணவருக்கும், இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மற்றக் கணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வியை மறுபடியும் கேளுங்கள்: சமையல், பாடம், மருந்து, எல்லாம் அந்த அம்மாவின் தலையில். அவர் தூங்கி வழிவதற்குக் காரணம் விசுவாசக் குறைவு இல்லை, ஓய்வுக் குறைவு. நீங்கள் பாத்திரத்தைக் கழுவி, பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பார்த்துவிட்டால், அவருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். சீடர்களின் காலைக் கழுவியவரை நாம் ஆண்டவர் என்று கூப்பிடுகிறோம். பெரிய வியாழன் அன்று அதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர் வீட்டில் ஒரு தட்டைக் கழுவ யோசிக்கலாமா?

இதோடு நிறுத்தினால் பதில் பாதிதான். அன்றாட விசுவாசம் என்றதும் நாம் எல்லாரும் செபத்தை மட்டுமே கேட்கிறோம். எத்தனை மணி சொல்ல வேண்டும், எந்த நவநாள் நல்லது என்று எனக்கு நிறையக் கேள்விகள் வருகின்றன. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோம், இது சரியா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இன்னும் சாதிக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

மறைசாட்சி தேவசகாயத்தைப் பாருங்கள். 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்தவர், மனைவியோடு குடும்பம் நடத்தியவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் சொன்ன, விவிலியத்தில் வருகிற யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறி, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். குருவும் இல்லை, துறவியும் இல்லை, நம்மைப் போலப் பொதுநிலையினர். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அவர் செய்த காரியங்களில் அரண்மனையைச் சுற்றியிருந்தவர்களைச் சுட்டது எது? தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், அவர்கள் வீட்டுக்குப் போனார். கைது செய்து, எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் அன்றைக்குப் பட்டாசு வெடித்தோம், பானர் கட்டினோம். அவரைப் போலப் பந்தியில் உட்காரத் தயாரா என்பதுதான் கேள்வி.

இதை உங்களிடம் குற்றமாகச் சொல்லவில்லை, சகோதரி. நீங்கள் யார் எவர் என்று பார்க்காமல் புண்ணைக் கழுவிக் கட்டுகிறவர். அந்த விஷயத்தில் எங்களில் பலருக்கு நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள். விலகிப் போகிறேனோ என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்.

செய்ய வேண்டியது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ட்யூட்டி சார்ட் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். உங்களைப் போல ஷிப்டில் இருக்கிறவர்கள் பங்கில் இன்னும் சிலர் இருப்பார்கள். வாரத்தில் ஒருநாள் மாலைப் பூசைக்கு நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று சேர்ந்து கேளுங்கள். அப்படியே ஒப்புரவு அருட்சாதனமும், அதாவது பாவசங்கீர்த்தனமும், செய்துவிட்டு வாருங்கள், மனப்பாரம் இறங்கும். பாடகர் குழுவையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு, பாஸ்காவுக்கு, பங்குத் திருவிழாவுக்கு, ட்யூட்டி இல்லாத வருடம் போய் நின்று பாடுங்கள்.

சரி, அடுத்து ஒரு தம்பி, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொள்வோம்.