வாடகையைவிட வதைப்பது நிபந்தனைதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'சென்னையில் வீடு தேடுபவரைப் பெரிதும் வதைப்பது வாடகையா, நிபந்தனையா?' என்பது இன்றைய தலைப்பு. நிபந்தனைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

வேளச்சேரியில் வாடகை ஏறிய கதையை எதிரணித் தலைவர் சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வாடகைக்கு ஒரு குணம் உண்டு: தள்ளிப் போகப் போகக் குறையும். வேளச்சேரி கட்டுப்படியாகவில்லையா, மேடவாக்கம் போகலாம். அதுவும் முடியாதா, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போய், காலையில் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். கஷ்டம்தான், ஆனாலும் வழி இருக்கிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி எந்த ஸ்டேஷனில் இறங்கினால் குறையும்? மயிலாப்பூரில் கேட்பதைக் கூடுவாஞ்சேரியிலும் கேட்கிறார்கள்.

அதையும் நேராகக் கேட்பதில்லை. என் தங்கை தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மேற்கு மாம்பலத்தில் ஒரு 'டு-லெட்' போர்டைப் பார்த்து அவளோடு நானும் போனேன். சொன்ன வாடகையைத் தரத் தயார் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். வீட்டுக்கார அம்மா ஆரம்பித்தார். "சொந்த ஊரு?" "விருத்தாசலம்மா." "விருத்தாசலமேவா, பக்கத்துல கிராமமா?" கிராமத்தின் பெயரைச் சொன்னாள். "அங்க எந்தத் தெரு?" சென்னையில் வீடு கேட்டு வந்தவளிடம் ஊரில் எந்தத் தெரு என்று எதற்காகக் கேட்கிறார்கள் என்பது இந்த அவைக்கே தெரியும். அப்புறம், நைட் ஷிப்ட் உண்டா, பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவோமே, அசைவம் சமைப்பீங்களா, கல்யாணம் எப்போ. மறுநாள் போன் செய்தால், "சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு இல்ல." அடுத்த வாரமும் போர்டு அங்கேயேதான் தொங்கியது. அந்த வாடகையை அவளால் கட்டியிருக்க முடியும், நடுவர் அவர்களே. பணமா அவளைத் திருப்பி அனுப்பியது?

பெயரைக் கேட்டதுமே போனை வைத்துவிடுகிறார்கள் என்று எத்தனை இஸ்லாமிய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்! கடை, உணவு விடுதி, கிணறு, குளம் என்று எங்கும் சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. வாடகை அதிகம் என்றால் ஐந்நூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். பிறப்பில் எதைக் குறைப்பது?

அட்வான்ஸும் பணம்தானே என்று எதிரணி கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. அதாவது 45,000. மிச்சம் 1,05,000 வாடகையால் வந்ததா, வீட்டுக்காரர் போட்ட நிபந்தனையால் வந்ததா? மாதம் 15,000 கட்ட முடிந்த குடும்பம், இந்த ஒன்றரை லட்சத்துக்காகத்தான் நகையை அடகு வைக்கிறது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வந்ததும் மீதி தர்றேன்" என்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

வீட்டுக்காரருக்குப் பயம் இருக்காதா? இருக்கும். 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், சொற்ப வாடகை கொடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் காலி செய்யாமல் இருந்தவர்கள் உண்டு. ஓய்வூதியத்தோடு ஒரு வீட்டு வாடகையை நம்பி இருக்கும் பெரியவருக்கு அது நியாயமான பயம். அதற்காகத்தான் எழுத்து ஒப்பந்தம், வாடகை ஆணையத்தில் பதிவு என்று புதிய சட்டம் வந்தது. ஆதாரைக் கேட்கட்டும், சம்பளச் சீட்டைக் கேட்கட்டும், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரிக்கட்டும். ஒன்றும் தப்பில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஆதாரும் கொடுத்து, சம்பளச் சீட்டும் கொடுத்து, கேட்ட வாடகைக்கும் சரி என்று சொன்ன பெண்ணிடம், எந்தத் தெரு என்று கேட்டது எந்தப் பயத்தால்?

நன்றி, வணக்கம்.