இரண்டு சர்வர் வைத்ததும் லாகின் ஏன் போய்விடுகிறது?

அடுத்த கேள்வி. "பிஹெச்பி-யில் செய்த சைட், ஒரே சர்வரில் நன்றாக ஓடியது. லோடு பேலன்சர் (வரும் ரிக்வெஸ்ட்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) போட்டு இரண்டு சர்வர் ஆக்கியதும், லாகின் செய்தவரை அடுத்த கிளிக்கிலேயே லாகின் பேஜுக்குத் தள்ளுகிறது. கோடில் எதையும் மாற்றவில்லை" என்கிறார்.

கோடில் தப்பு இருக்காது. பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயில் லாகின் விவரமே இருப்பதாக நிறைய பேர் நினைக்கிறார்கள், ஆனால் அதில் இருப்பது ஒரு நீளமான ஐடி மட்டும்தான், கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி. விஷயம் எல்லாம், அதாவது செஷன், சர்வரில் ஒரு ஃபைலில் கிடக்கிறது. உபுண்டு என்றால் வார், லிப், பிஹெச்பி, செஷன்ஸ் ஃபோல்டருக்குள் சூடோ போட்டு, அதாவது அட்மின் உரிமையோடு பாருங்கள், 'செஸ்' என்று ஆரம்பித்து அந்த ஐடியோடு முடியும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் திறந்தால் யூசர் ஐடி, 42, பெயர் என்று எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும், என்கிரிப்ஷன் எதுவும் கிடையாது. அதனால் பாஸ்வேர்டையெல்லாம் செஷனில் போட்டு வைக்காதீர்கள்!

இப்போது புரிந்திருக்கும். முதல் சர்வரில் லாகின் ஆனார், ஃபைல் அங்கே இருக்கிறது. அடுத்த ரிக்வெஸ்ட் இரண்டாவது சர்வருக்குப் போனால், அதே ஐடிக்கு அங்கே ஃபைலே இல்லை.

லோடு பேலன்சரில் ஸ்டிக்கி செஷன் போடு என்பார்கள், அதாவது ஒரு ஆளை எப்போதும் ஒரே சர்வருக்கே அனுப்புவது. வேலை செய்யும், ஆனால் அந்த சர்வர் படுத்தால் அதில் இருந்த அத்தனை பேரும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். நான் ரெடிஸ்தான் சொல்லுவேன், அது டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் ஒரு பொது இடம், இரண்டு சர்வரும் செஷனை அங்கேயே வைத்து எடுக்கலாம். பிஹெச்பி-க்கான ரெடிஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு, பிஹெச்பி டாட் ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் சேவ் ஹேண்ட்லர், சேவ் பாத் இரண்டு வரியை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு சர்வரும் ஒரே ரெடிஸைக் காட்ட வேண்டும், அதன் போர்ட் 6379, அதை வெளியுலகத்துக்குத் திறந்து விட்டுவிடாதீர்கள். 1440 நொடி, அதாவது 24 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் காலாவதி என்ற கணக்கு இங்கேயும் அப்படியேதான், வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபைலில் இருந்தபோது ஒரு ரிக்வெஸ்ட் செஷனைத் திறந்தால் அதை லாக் செய்துவிடும், அதே ஆளின் அடுத்த ரிக்வெஸ்ட் காத்திருக்கும். ரெடிஸில் அந்த லாக் டிஃபால்ட்டாகக் கிடையாது, ஒரே நேரத்தில் இரண்டு ஏஜாக்ஸ் கால் (பேஜை மாற்றாமல் பின்னால் போகும் ரிக்வெஸ்ட்) போய் இரண்டுமே ஷாப்பிங் கார்ட்டை மாற்றினால், கடைசியாக எழுதியதுதான் நிற்கும், மற்றது காணாமல் போகும். கார்ட்டைச் செஷனில் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஐஎன்ஐ-யில் ரெடிஸ் செஷன் லாக்கிங் எனேபிள்ட் என்பதை 1 ஆக்கிவிட்டு டெஸ்ட் செய்யுங்கள்.