கூட்டம் கூடலாம், குழி எங்கே?

(ஏற்காட்டில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்க்கவுண்டர் ஐயா அவர்களே, தோட்ட வேலையை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் காப்பித் தோட்டக்காரப் பெரியவர்களே, நான் பணியில் இருந்த காலத்தில் என் அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்துக் கையெழுத்துப் போட்ட டாக்டர் அம்மா அவர்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கொஞ்சம் தலைசுற்றலோடு வந்து சேர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்ட கவிஞர் அவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "கக்கூஸ்காரர் வர்றார்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இன்றைக்காவது அதைப் பற்றிப் பேசாமல் இருங்கள் என்று செயலாளர் தம்பி கேட்டுக்கொண்டதால், வெளிநாட்டுச் செய்தி ஒன்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் காட்டுக்குள்ளே கூடுகிற ரெயின்போ கூட்டம், நம் வசதிக்கு வானவில் கூட்டம். மூன்று செய்திகளைத் துண்டுச்சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, அது எப்படித் தோன்றியது. இரண்டு, அங்கே ஆயிரக்கணக்கான பேர் எப்படி வாழ்கிறார்கள். மூன்று, அரசாங்கத்தோடு அவர்களுக்கு உள்ள வழக்கு. அப்புறம் நேரம் இருந்தால் நம் கஞ்சமலைச் சித்தர்களையும் இதோடு ஒப்பிட்டுப் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் என் பாட்டி சொன்ன பழமொழி. கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு. இதை இங்கே எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் தொடக்கம். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் இசை விழா நடந்தது. நான்கு லட்சம் பேர் கூடியதாகச் சொல்வார்கள். நீண்ட முடி, பூப்போட்ட சட்டை, வியட்நாம் போர் வேண்டாம் என்ற குரல். அந்தக் கூட்டத்துக்குத் தொடக்க உரை ஆற்றியவர் யார் தெரியுமா? சுவாமி சச்சிதானந்தர். பிறந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம். நம் கொங்கு நாட்டுக்காரர் ஐயா! (கைதட்டல்.) கைதட்டுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொன்னேன்.

ஆனால் வுட்ஸ்டாக்கில் ஒரு மேடை, கீழே பார்வையாளர்கள். மேடையே இல்லாத ஒரு கூட்டம் வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். 1972 ஜூலை மாதம், கொலராடோ மாநிலத்தில் கிரான்பி என்ற ஊருக்குப் பக்கத்து மலைக்காட்டில் முதல் கூட்டம் நடந்தது. இருபதாயிரம் பேர் வரை வந்தார்கள் என்பது கணக்கு. காவல்துறை சாலையை மறித்தது. மக்கள் நடந்தே போனார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில், வேறு வேறு மாநிலத்துத் தேசியக் காடுகளில் கூடுகிறார்கள். ஐம்பதாம் ஆண்டான 2022-ல் மறுபடியும் கொலராடோவுக்கே போனார்கள். நுழைவுச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது, அழைப்பிதழ் கிடையாது. தொப்புள் இருக்கிற எல்லோரும் உறுப்பினர் என்பது அவர்கள் பேச்சு. நெவாடா பாலைவனத்தில் பர்னிங் மேன் என்று இன்னொன்று நடக்கிறதே, அதற்குப் பெரிய தொகைக்கு டிக்கெட் உண்டு. இதற்கு இல்லை.

ஒன்றியக் கவுன்சிலர் அம்மா இப்போதுதான் உள்ளே வருகிறார்கள். வாங்கம்மா, வணக்கம். அம்மா வந்ததும் நல்லதாயிற்று, பின்பாதியில் அவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கப் போகிறேன். தம்பி, ஒரு நாற்காலி போடுங்கள்.

சரி, இரண்டாவது. அங்கே எப்படி வாழ்கிறார்கள்? கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே ஒரு சிறு குழு காட்டுக்குள் போய்விடும். ஊற்று எங்கே, திறந்த புல்வெளி எங்கே, வண்டி நிறுத்த இடம் எங்கே என்று பார்த்து, தண்ணீருக்குக் குழாய் இழுத்து, அடுப்புக் குழி வெட்டுவார்கள். பிறகு வருகிறவர்களை "வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி வரவேற்பார்கள், முன்பின் பார்த்திராதவரையும். பல சமையல்கூடங்கள் இருக்கும். ஒன்றில் களிமண் பூசிய அடுப்பில் ரொட்டி சுடுவார்கள், இன்னொன்றில் இரவெல்லாம் தேநீர் கொதிக்கும், குழந்தைகளுக்கென்றே தனியாக ஒன்று. மாலையில் பெரிய புல்வெளியில் வட்டமாகக் கைகோத்து நின்று ஓங்காரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், வாளியில் கொண்டுவந்து பரிமாறுவார்கள், நம் பந்தி மாதிரி. பெரும்பாலும் சைவம்தான். தட்டும் கரண்டியும் அவரவர் கொண்டு வர வேண்டும். சாப்பிட்ட பின் ஒரு தொப்பியைச் சுற்றில் விடுவார்கள். விருப்பப்பட்டவர் காசு போடலாம். மறுநாள் அரிசி, பருப்பு அதிலிருந்துதான். மற்றபடி அங்கே எதையும் விற்கக் கூடாது. வேண்டுமானால் பண்டமாற்று. சாக்லேட் கொடுத்து ஒரு மணிமாலை வாங்கலாம்.

தலைவர் கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஓர் இறகு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவார். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. (இந்த வழக்கத்தை நம் விழா மேடைகளுக்கும் கொண்டுவரலாம் என்று கவிஞரைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.) சண்டை வந்தால் காவல்துறையைக் கூப்பிட மாட்டார்கள். "சாந்தி சேனா!" என்று கத்துவார்கள். ஆமாம், நம் சொல்லேதான். காந்தியார் நினைத்து, வினோபா பாவே 1957-ல் தொடங்கிய சாந்தி சேனையின் பெயர் அமெரிக்கக் காட்டில் ஒலிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவந்து சண்டைக்காரர்களைச் சூழ்ந்து நின்று பேசித் தணிப்பார்கள். ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, விடிந்ததிலிருந்து நண்பகல் வரை யாரும் வாய் திறப்பதில்லை. உலக அமைதிக்காக மௌனம். நண்பகலில் குழந்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்து அந்த மௌனத்தைக் கலைப்பார்கள்.

எல்லாம் அழகுதான் என்று சொல்ல வரவில்லை. மது குடிப்பவர்கள் ஓரமாகத் தனி முகாம் போடுவார்கள், அங்கே தகராறு உண்டு. வேலை செய்யாமல் வேளாவேளைக்குத் தட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. டிரெய்ன்போ என்று அவர்களுக்குக் கேலிப்பெயர். பெண்களின் பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

இந்தக் கூட்டம் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அது ஒரு கதை. நான் பணியில் இருந்தபோது, நாகலூர் பக்கம் ஒரு சிற்றூரில் ஜெர்மனிக்காரப் பையன் ஒருவன் வந்து தங்கினான். மிளகுக்கொடி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தோடு இருந்து, அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு வேலை செய்தான். ஒருநாள் விடியற்காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஊருக்கு மேற்கே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தோண்ட ஆரம்பித்தான். தோண்டுகிறான், தோண்டுகிறான். இடுப்பளவு ஆழம். ஓரமாக ஒரு கயிறு கட்டி நேராக வேறு தோண்டுகிறான்.

மாடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பாட்டி பார்த்துவிட்டார். பாட்டி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. அரை மணி நேரத்தில் ஐம்பது பேர். புதையல் என்றார் ஒருவர். எந்தப் புதையல்? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்து இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தாரே காக்பர்ன் துரை, அவர் புதைத்துவிட்டுப் போன பவுன். வரைபடம் இவன் தாத்தா கையில் இருந்திருக்கிறது. அதெப்படி, அவர் இங்கிலீஷ்காரர், இவன் ஜெர்மன்காரன் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கேட்டான். பெரியவர்கள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்கள். இன்னொரு கட்சி, பவுனெல்லாம் இல்லை, அலுமினியம் எடுக்கிற பாக்சைட் தாது பார்க்க வந்தவன், இந்தப் பக்கத்து மலையையும் குடையப் போகிறார்கள் என்றது. அந்தக் கட்சிக்கு ஆள் அதிகம். கோபமும் அதிகம். கிராம நிர்வாக அலுவலருக்கு ஆள் போயிற்று. அவர் ஊரில் இல்லை. யாராவது ஒரு சர்க்கார் ஆள் வேண்டும் என்று, கொசு மருந்து அடிக்கப் போயிருந்த என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

போய்ப் பார்த்தேன். நீளமான, குறுகலான குழி. தோண்டிய மண் ஒரு பக்கம் சீராகக் குவித்திருக்கிறது. பக்கத்தில் எண்ணெய் டின் நிறைய அடுப்புச் சாம்பல், அதில் ஒரு கொட்டாங்கச்சி. மரக்கிளையில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் தொங்குகிறது, அதன் கழுத்தில் கட்டிய சோப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது ஐயா! முப்பது பயிற்சி முகாம் நடத்தியும் நான் செய்ய வைக்க முடியாததை ஒருத்தன் தானாகவே செய்து வைத்திருக்கிறான். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "இது கக்கூஸுங்க." ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பாட்டிதான் முதலில் பேசினார்: "இதுக்கா நான் மாட்டை விட்டுட்டு ஓடியாந்தேன்?" மாடு அதற்குள் யாரோ ஒருவர் பீன்ஸ் தோட்டத்தில் புகுந்திருந்தது, அது தனி வழக்கு. ஆனால் மறுநாள் அந்தக் குழியைத் திறந்து வைத்தவர் அதே பாட்டிதான். ரிப்பன் வெட்டவில்லை, அவ்வளவுதான். (சிரிப்பு.)

அந்தப் பையன் வானவில் கூட்டங்களில் வளர்ந்தவன். அங்கே போனால் முதல் வேலையே குழி வெட்டுவதுதான் என்றான். யார் வெட்டுவார்கள் என்று கேட்டேன். "வந்தவர்கள்தான். வேறு யார்?" என்றான். அவன் புரியாமல்தான் கேட்டான். நமக்குப் புரியும், வேறு யார் என்று. நம் நாட்டில் கழிப்பிடம் என்றாலே யாரோ ஒருவர், குறிப்பிட்ட ஒரு தெருவிலிருந்து வந்து சுத்தம் செய்து தருவார் என்ற நினைப்பு நம் எலும்பில் ஊறியிருக்கிறது. அங்கே வக்கீலும் வெட்டுகிறார், தச்சரும் வெட்டுகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். நிறைந்ததும் மண் தள்ளி மூடிவிட்டு அடுத்த குழி. யாரும் யாருடையதையும் அள்ளுவதில்லை. இதில் ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்களிடமே சாட்சி இருக்கிறது. 1987-ல் வட கரோலினாவில் நடந்த கூட்டத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஷிகெல்லா கிருமி புகுந்து, ரத்தபேதி. வந்தவர்களில் பாதிக்கும் மேல் படுத்தார்கள். ஊருக்குத் திரும்பியவர்கள் பல மாநிலங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். ஷிகெல்லா பொல்லாதது. பத்திலிருந்து நூறு கிருமி வயிற்றுக்குள் போனால் போதும், ஆளைச் சாய்த்துவிடும். மூடாத குழி, ஈ, கழுவாத கை, கொதிக்க வைக்காத தண்ணீர், இவ்வளவுதான் அதற்கு வழி. உலக அமைதிக்கு மௌனம் இருந்த கூட்டம்தான் அது. கிருமிக்கு அதெல்லாம் தெரியாதே. கூழானாலும் குளித்துக் குடி என்றார்களே, அந்தப் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

செயலாளர் தம்பி கையைக் காட்டுகிறார். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது. தலைப்பை விட்டு நான் போகவில்லை தம்பி, தலைப்புதான் இங்கே வந்து நிற்கிறது.

ஒவ்வொரு மே மாதமும் சேர்வராயன் கோயில் திருவிழா. 5,326 அடி உயரத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் அத்தனை ஊர்களிலிருந்தும் சனம் வருகிறது, கீழ்நாட்டிலிருந்தும் வருகிறது. அதே மாதம் கோடை விழா, மலர்க்காட்சி. வானவில் கூட்டம் வைக்க நினைக்கிற எல்லாம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. உச்சிவெளி இருக்கிறது, பந்தி இருக்கிறது, பறை இருக்கிறது, ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுக்கும் வழக்கமும் இருக்கிறது. குழிதான் இல்லை. பெண்கள் விடியலுக்கு முன்னாலும் இருட்டிய பின்னாலும் மறைவு தேடிப் புதருக்குப் போகிறார்கள். பெண்கள் பாதுகாப்பு பற்றிச் சொல்கிறேன் என்றேனே, இதுதான் அது. கட்டடம் கட்டித் தரச் சொல்லி நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு எந்த மேசையில் தூங்குகிறதோ, அதை எழுப்ப வேண்டாம். திருவிழாவுக்குச் சில நாள் கழிப்பிடம்தான் வேண்டும். அதற்கு மண்வெட்டி போதும்.

ஊர்க்கவுண்டர் ஐயாவிடம் பணிவாகக் கேட்பது இது. கோயில் எல்லையைத் தாண்டி, நீங்கள் காட்டுகிற இடத்தில்தான் தோண்டுவோம். ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 200 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கும். பெண்களுக்குத் தனி வரிசை, தென்னங்கீற்றுத் தட்டியில் மறைப்பு. கவுன்சிலர் அம்மா, உங்களிடம் கேட்பது காசு இல்லை. வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கித் தர வேண்டும். தோட்டக்காரப் பெரியவர்கள் சாம்பலும் விறகும் தர வேண்டும், இரண்டு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், அவரவர் தட்டு அவரவர் கையில்.

திருவிழா முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. வானவில் கூட்டத்தில் எல்லோரும் போன பின்னால் ஒரு குழு தங்கி, குழிகளை மூடி, அடுப்புக் கற்களைக் கலைத்து, நடந்து நடந்து தேய்ந்த தடத்தைக் கிளறி, அந்த மண்ணுக்குரிய புல்விதையும் தூவிவிட்டுத்தான் கிளம்பும். எல்லா ஆண்டும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, குறை சொல்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு ஆள் உண்டு. சனி, ஞாயிறு நம் மலைக்கு வந்து போகிறவர்கள் விட்டுப் போகிற பாட்டில்களுக்கு யார் ஆள்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையோ என்னவோ.

மூன்றாவது செய்தி, வழக்கு. 75 பேர் அல்லது அதற்கு மேல் தேசியக் காட்டில் கூடினால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. தலைவரே இல்லாத கூட்டத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். நீதிமன்றம் வரை போன விஷயம், சுவையான விஷயம், ஆனால் நேரமாகிவிட்டது. கஞ்சமலைச் சித்தர்களும் இன்னொரு நாள் வரட்டும்.

பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் என் பேத்தி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். மண்வெட்டி பிடிக்க வருகிறவர்கள் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுப் போங்கள். மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் என் வீட்டில் நான்கு இருக்கிறது. கல்லூரித் தம்பிகள் முதலில் எழுதுங்கள். பேராசிரியர் ஐயாவும் எழுதுவதாகக் கண்ணாலேயே சொல்லிவிட்டார். சுண்டல் வெளியே தயாராக இருக்கிறதாம். கை கழுவத் தண்ணீர் இடது பக்கம் வைத்திருக்கிறோம். வணக்கம்.