பதினோரு பைசாவும் ஒரு தாயின் கையும்

அவையோருக்கு வணக்கம். பேதியில் உடம்பு இழந்த நீரை ஈடுகட்ட, தண்ணீரில் கரைத்துக் குடிக்க மருந்துக் கடையில் நாம் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் பின்னால் ஒரு மனிதரின் இரக்கம் இருக்கிறது.

1971. கிழக்கு பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில் போர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான போங்கானில் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன. மருத்துவமனையில் காலராவுக்கு இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையெல்லாம் நோயாளிகள். கல்கத்தாவிலிருந்து போன குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ், பேதியும் வாந்தியுமாகக் கிடந்த அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் ஒவ்வொருவருக்கும் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. இப்படியே போனால் தோற்றுவிடுவோம் என்பது இரண்டு நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கடுமையான காலராவில் ஒரு பெரியவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறும். அத்தனை பேருக்கும் ஏற்ற சலைன் (உப்பு நீர்) பாட்டிலும் இல்லை, ஏற்றத் தெரிந்த ஆட்களும் இல்லை.

வெறும் தண்ணீரைக் குடித்தால் போதாதா? போதாது. காலராவில் குடல் நீரை உள்ளே இழுக்காமல் வெளியே கொட்டுகிறது. ஆனாலும் அதில் ஒரு வாசல் மட்டும் அடைபடுவதில்லை: குளுக்கோசும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இது 1960களிலேயே தெரிந்த அறிவியல். டாக்காவில் மருத்துவமனைச் சோதனையும் நடந்திருந்தது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் அளந்து கொடுத்தால்தான் பலிக்கும், முகாமில் சரிப்படாது என்பதே பலருடைய எண்ணம்.

மகலனாபிஸ் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் ஒரு நூலக அறையில் உட்கார்ந்து எடைபோட்டு, பாலித்தீன் பைகளில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். பொட்டாசியத்தைச் சேர்க்கவில்லை, கைக்கு உடனே கிடைப்பதை வைத்து எளிமையாகச் செய்ய வேண்டியிருந்தது. முகாமில் அதைக் குழாய் வைத்த டிரம்களில் கரைத்தார்கள். லிட்டருக்கு 11 பைசா செலவு. நிலைமை மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் டிரிப்ஸ்; மற்றவர்களுக்கு அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். இது இரண்டாந்தர வைத்தியம் என்று ஊழியர்களே தயங்கியபோது, ‘வாயால் குடிக்கும் சலைன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். சலைன் என்ற சொல்லுக்கு மக்களிடம் மதிப்பு இருந்ததே!

நூறில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய கவனிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் 3.6 விழுக்காடு. ஊசியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் வைத்தியத்தைத் தாயின் கைக்கு மாற்றினாரே, அந்த இரக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பின்னால் 1980களில் வங்கதேசத்தின் ‘பிராக்’ என்ற தொண்டு அமைப்பு அதே வழியில் வீடு வீடாகப் போனது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். கற்றுக்கொண்ட தாய் எவ்வளவு சரியாகச் சொல்கிறார், கலக்குகிறார் என்று பார்த்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம், தவறு நடப்பது இங்கேதான். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு அளவு மீறினால் அதுவே குழந்தைக்கு ஆபத்து. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு நீரை ஊற்றி, மொத்தத்தையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ருசிக்கு என்று சர்க்கரையைக் கூட்டினால் பேதி அதிகமாகும். அட்டைப் பெட்டிப் பழச்சாறுகள் இதற்கு ஈடாகாததும் அதனால்தான்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பிறகும் 50 முதல் 100 மில்லி. பத்து வயது வரை 100 முதல் 200. டம்ளரோடு வாயில் ஊற்றாதீர்கள், ஸ்பூனால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். “கொடுத்தும் நிற்கவில்லையே” என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இது பேதியை நிறுத்துகிற மருந்து அல்ல. போன நீரைத் திருப்பித் தருவது. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், பேதி நின்ற பிறகும்.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, கண் குழிந்திருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, குடிக்க மாட்டேன் என்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். குழந்தையால் விழுங்க முடிகிற வரை, மருத்துவமனை வாசல் வரைக்கும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.