பந்தியில் பரிமாறுபவர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை விடாமல் பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நவம்பரில் சீசன் தொடங்குவதற்கு முன்பே, பள்ளி முடித்து வரும் பையன்களில் யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறான் என்று பார்த்து வரிசை போடுவார்கள். நாடு முழுவதற்கும் ஒரு வரிசை இருக்கும். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன வரிசை. நம் அணி ஆடும் கான்ஃபரன்ஸுக்குள், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழுவுக்குள், இந்த ஆண்டு வரும் பாயிண்ட் கார்டுகளில் யார் முதல், யார் கடைசி என்பது. ஏனென்றால் இந்தப் பையன்கள் ஜனவரியில் இருந்து ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் சந்திக்கப் போகிறார்கள். நாம் போட்ட வரிசை சரியா தப்பா என்று நம் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

நான் சியாட்டிலில் இருக்கிறேன். 2016 இலையுதிர் காலத்தில், பேக்-12 கான்ஃபரன்ஸுக்கு ஒரு நோட்டில் நானும் வரிசை போட்டேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பாயிண்ட் கார்டு என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். பந்தைக் கொண்டுவருபவர், ஆட்டத்தை நடத்துபவர் என்பார்கள். எனக்குக் கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர்தான் நினைவுக்கு வருவார். நல்ல பரிமாறுபவர் யாரையும் 'என்ன வேண்டும்' என்று கேட்பதில்லை. மூன்றாவது இலையில் சாம்பார் சாதம் முடியப்போகிறது என்பது இரண்டாவது இலையில் நிற்கும்போதே அவருக்குத் தெரியும். ரசம் சரியான நேரத்தில் வந்து நிற்கும். பாயிண்ட் கார்டும் அப்படித்தான். பாஸ் அரை நொடி முந்தினால் வாங்குபவன் தயாராக இருக்கமாட்டான், அரை நொடி பிந்தினால் தடுப்பவன் வந்துவிடுவான். அதனால் இவரை மட்டும் தனியாக நிறுத்தி எடைபோடுவது கஷ்டம். இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் வரிசைகள் தனியாக நிறுத்தித்தான் எடைபோடுகின்றன. பள்ளிப் பையன்கள் கோடையில் ஷூ நிறுவனங்கள் நடத்தும் போட்டித் தொடர்களில் ஆடுகிறார்கள். கணிப்பாளர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், ஐந்து நட்சத்திரம்தான் உச்சம். உயரம், கை நீளம், வேகம், துள்ளல் எல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும். என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் சேர 19 வயது ஆகவேண்டும் என்ற விதியும் வந்தபிறகு, 'ஒரே வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டுப் போகப்போகிறவன் எவன்' என்பதுதான் வரிசையின் உள்ளே ஓடும் கேள்வி. 'இந்தக் கல்லூரிக்கு இவன் எத்தனை ஆட்டம் ஜெயித்துத் தருவான்' என்பது வேறு கேள்வி. அந்த ஆண்டு நானும் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

சரி, 2016க்கு வருவோம். என் நோட்டில் முதல் பெயர் லான்ஸோ பால், யு.சி.எல்.ஏ. இரண்டாவது மார்கெல் ஃபுல்ட்ஸ், எங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகம். மூன்றாவது அரிசோனாவின் கோபி சிம்மன்ஸ். நான்காவது ஆரிகனின் பேட்டன் பிரிட்சர்ட். ஐந்தாவது தென் கலிஃபோர்னியாவின் டி'ஆன்தனி மெல்ட்டன். முதல் இருவரும் நாட்டிலேயே முதல் பத்துக்குள் வைக்கப்பட்டவர்கள். முதல் மூவரும் பள்ளி வீரர்களுக்கான மெக்டொனால்ட்ஸ் ஆல் அமெரிக்கன் ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள். எல்லோரும் போட்ட வரிசையில் இருந்து என் வரிசை பெரிதாக விலகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஃபுல்ட்ஸின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேரிலாந்தில் டிமாத்தா என்ற பெயர்பெற்ற பள்ளி. அங்கே பத்தாம் வகுப்பில் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, ஜூனியர் அணியில்தான் ஆடினார். இரண்டே ஆண்டில் வளர்ந்து, 6 அடி 4 அங்குலத்தில் நாட்டின் உச்சிக்கு வந்தார். பதினைந்து வயதில் வரிசை போட்டிருந்தால் அவர் பெயரே இருந்திருக்காது.

அவர் வாஷிங்டனில் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு அவசரமில்லாத பையன் அரிது. ஓடி வந்து சட்டென்று ஒரு நிதானம் பிடிப்பார், தடுப்பவன் அந்த நிதானத்தில் ஏமாந்து நிமிர்வான், அடுத்த அடியில் இவர் அவனைக் கடந்திருப்பார். ஆட்டத்துக்குச் சராசரி 23.2 புள்ளி, 5.9 அசிஸ்ட் (வாங்கியவன் உடனே புள்ளி எடுக்கும் பாஸ்), 5.7 ரீபவுண்டு (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). இதைப் புதுப் பையன் ஒருவன் செய்கிறான் என்றால் அணி எங்கே இருக்க வேண்டும்? ஆனால் அந்த சீசனில் வாஷிங்டன் 9 வெற்றி, 22 தோல்வி. கான்ஃபரன்ஸுக்குள் 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. சீசன் முடிந்ததும் கோச் லாரன்ஸோ ரோமார் வேலையை இழந்தார்.

அப்போது பலர் சொன்னார்கள், 'ஃபுல்ட்ஸ் தனக்காக ஆடுகிறான், கூட இருப்பவர்களை உயர்த்தவில்லை' என்று. அதை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கமாட்டேன். முந்தைய ஆண்டு அணியில் இருந்த மார்கீஸ் கிறிஸ், டிஜான்டே மர்ரி இருவரும் 2016 டிராஃப்டில், அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் சுற்றிலேயே என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள். அதிகப் புள்ளி எடுத்த ஆண்ட்ரூ ஆண்ட்ரூஸ் படிப்பை முடித்துவிட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஃபுல்ட்ஸ் கொடுத்த பாஸை வாங்கியவர்கள் எறிந்த பந்து எத்தனை முறை வளையத்தில் பட்டு வெளியே வந்தது என்பதை நான் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன். அசிஸ்ட் கணக்கில் அந்தப் பாஸ் எதுவும் ஏறாது.

லான்ஸோ பாலுக்கு அமைந்த பந்தியே வேறு. 6 அடி 6 அங்குலம். கலிஃபோர்னியாவில் சைனோ ஹில்ஸ் பள்ளிக்கு ஆடி, கடைசி ஆண்டில் 35 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காதவர். அவர் பந்தை எறியும் விதம் பார்க்க வினோதமாக இருக்கும். வலது கைக்காரர், ஆனால் பந்தை இடது இடுப்புப் பக்கம் இருந்து முகத்துக்குக் குறுக்கே கொண்டுவந்து எறிவார். பயிற்சி வகுப்பில் ஒரு குழந்தை அப்படி எறிந்தால் நான் உடனே திருத்துவேன். அவரோ மூன்று புள்ளி வீச்சில் 41 சதவீதம் போட்டார்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த எறிதல் இல்லை. எதிரணியின் பந்து வளையத்தில் பட்டு வருகிறது, இவர் ரீபவுண்டு எடுக்கிறார் என்று வையுங்கள். தரையில் கால் பதியும் முன்பே தலை திரும்பிவிடும். பந்தை ஒரு முறைகூடத் தரையில் தட்டாமல், முக்கால் மைதானத் தூரத்துக்கு இரண்டு கையாலும் பந்து பறக்கும். அணித் தோழர் டி.ஜே. லீஃப் ஓடிக்கொண்டே அதைப் பிடித்து வளையத்துக்குள் வைப்பார். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு யு.சி.எல்.ஏ. வீரர்கள் பந்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஓடினால் பந்து வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்துவிட்டது.

அதற்கு முந்தைய சீசனில் யு.சி.எல்.ஏ. 15 வெற்றி, 17 தோல்வி. இவர் வந்த சீசனில் 31 வெற்றி, 5 தோல்வி. ஆட்டத்துக்கு 7.6 அசிஸ்ட், நாட்டிலேயே அதிகம். மொத்தம் 274, அது அந்தக் கல்லூரியின் ஒரு சீசன் சாதனை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதுவரை பந்தைக் கொண்டுவந்தவர் பிரைஸ் ஆல்ஃபர்ட், கோச் ஸ்டீவ் ஆல்ஃபர்டின் மகன். அப்பா மகன் கையில் இருந்து பந்தை வாங்கிப் புதுப் பையனிடம் கொடுத்தார், மகன் ஓரத்துக்குப் போய் நின்று எறியும் வேலையை எடுத்துக்கொண்டார். அது மகனுக்கும் நல்லதாகவே முடிந்தது. இப்படி விட்டுக்கொடுக்கும் ஆள் அந்தக் கல்லூரியில் இருக்கிறாரா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது.

2017 பிப்ரவரியில் பாலும் ஃபுல்ட்ஸும் சியாட்டிலில் சந்தித்தார்கள். யு.சி.எல்.ஏ. 107, வாஷிங்டன் 66. நாட்டின் இரு சிறந்த புதுப் பையன்கள் ஒரே மைதானத்தில், ஆனால் இடைவெளி 41 புள்ளி. வெளியே குளிரில் நடந்து வரும்போது, என் நோட்டில் ஒன்று, இரண்டு என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதியதை நினைத்துப் பார்த்தேன். ஜூனில் டிராஃப்ட் நடந்தபோது என்.பி.ஏ. அதை மாற்றிப் போட்டது, ஃபுல்ட்ஸ் முதலாவது, பால் இரண்டாவது. அவர்கள் கேட்ட கேள்வி வேறு என்பதால் அதில் எனக்குச் சண்டை இல்லை. பிறகு தோள் பக்கம் நரம்பு அழுந்தும் நோயால் ஃபுல்ட்ஸ் பட்ட பாட்டை எந்தக் கணிப்பாளரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. அதை வைத்து அவரைப் பின்னால் தள்ளுவது நியாயமே இல்லை.

மூன்றாவதாக எழுதிய சிம்மன்ஸ் ஒரே சீசன் ஆடிவிட்டு டிராஃப்டுக்குப் போனார், யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது மெல்ட்டன், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர், இரண்டாம் சுற்றில் தேர்வாகி என்.பி.ஏ.வில் நிலைத்துவிட்டார். இவர்கள் இருவரையும் இடம் மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நான்காவது பெயர். பேட்டன் பிரிட்சர்ட். 6 அடி 2 அங்குலம் என்று எழுதுவார்கள். ஆரிகன் மாநிலத்திலேயே வெஸ்ட் லின் என்ற ஊரின் பள்ளிப் பையன், அந்தப் பள்ளியோடு நான்கு ஆண்டும் மாநிலப் பட்டம் வென்றவன். நான்கு ஆண்டும்! ஒன்பதாம் வகுப்பில் இருந்தே ஜெயிக்கும் அணியை நடத்தியவன். அந்தச் செய்தியை நானே நோட்டில் எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன். உயரம் போதாது, துள்ளல் போதாது என்று நினைத்தேன்.

முதல் ஆண்டில் அவர் எடுத்தது சராசரி 7.4 புள்ளிதான். ஆனால் ஆரிகனுக்கு வேண்டியது புள்ளி இல்லை. டில்லன் புரூக்ஸ், டைலர் டார்ஸி, ஜோர்டன் பெல் என்று சாப்பிடத் தெரிந்தவர்கள் இலை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சிந்தாமல் பரிமாற ஒரு கை வேண்டும், 18 வயதில் பிரிட்சர்ட் அந்தக் கையாக இருந்தார். ஆரிகன் 33 ஆட்டம் ஜெயித்து, 1939க்குப் பிறகு முதல் முறையாக ஃபைனல் ஃபோருக்கு, அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள், போனது. அங்கே நார்த் கரோலினாவிடம் 77-76 என்று ஒரே புள்ளியில் தோற்றது.

பால், ஃபுல்ட்ஸ், சிம்மன்ஸ் மூவரும் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்கள். பிரிட்சர்ட் நான்கு ஆண்டும் இருந்தார். ஆரிகன் வரலாற்றில் அதிக அசிஸ்ட் அவருடையது. 2020ல் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர், நாட்டின் சிறந்த பாயிண்ட் கார்டுக்கான பாப் கூஸி விருதும் அவருக்கே. பிறகு என்.பி.ஏ.வில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, 2024ல் சாம்பியன் பட்டம்.

இன்று யாராவது அந்தத் தாளைத் திருத்தச் சொன்னால், அந்த ஒரு சீசனுக்கு மட்டும் என்றால் பால், ஃபுல்ட்ஸ், பிரிட்சர்ட் என்று எழுதுவேன். கான்ஃபரன்ஸுக்குக் கொடுத்தது என்றால் பிரிட்சர்ட் முதல், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தக் கான்ஃபரன்ஸும் இப்போது பழைய உருவில் இல்லை. 2024ல் பத்துக் கல்லூரிகள் பிரிந்து போய்விட்டன. ஆரிகன், வாஷிங்டன், யு.சி.எல்.ஏ., தென் கலிஃபோர்னியா நான்கும் இப்போது பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன.

2020 ஜனவரியில் அதே சியாட்டில் அரங்கில், ஃபுல்ட்ஸ் ஆடிய அதே மரத்தளத்தில், பிரிட்சர்டை நேரில் பார்த்தேன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது, ஸ்கோர் சமன். கடைசி நொடிகளில் பந்து அவர் கையில். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெகு தொலைவில் நின்றார். தடுப்பவன் ஓர் அடி பின்வாங்கினான், இவ்வளவு தூரத்தில் இருந்து எறியமாட்டான் என்று நினைத்திருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் எறிந்தார். ஆரிகன் 64, வாஷிங்டன் 61. எங்கள் அணி தோற்ற அந்த இரவில் வீட்டுக்கு வந்து, பழைய நோட்டை எடுத்து, நான்காவது பெயருக்குப் பக்கத்தில் தேதியை எழுதி வைத்தேன்.

நன்றி, வணக்கம்.